கையும் கையெழுத்தும்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டமும் புதுக்கோட்டையும்

1

1992ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 22ஆம் தேதி, ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில், பன்வாரி தேவி தன் கணவரின் கண்ணெதிரே ஆதிக்கசாதி ஆண்கள் சிலரால் வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டார். முதலாவதைக் கொண்டாட்டத்தின் கணக்கிலும் இரண்டாவதைக் கொடுமையின் கணக்கிலும் எழுதிவைத்துவிட்டோம். ஒன்றைப் பற்றிப் பேசும்போது மற்றது நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே வகை உழைப்பு. பன்வாரி, ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்'. தோழி என்று பொருள். ஊரில் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது, பெண்களைக் கூட்டிப் பேசுவது, அரசாங்கத்தின் செய்தியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அதற்குச் சொற்ப மதிப்பூதியம். ஊழியர் என்ற தகுதி கிடையாது. இங்கே 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்தியது. மாலையில் ஊர் ஊராக வகுப்பு எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அதிலும் இளம்பெண்கள் ஏராளம். சம்பளம் இல்லை.

'தொண்டர்' நல்ல சொல்தான். தமிழில் அதற்குப் பக்தியின் மணமும் கட்சியின் மணமும் உண்டு. ஆனால் நிர்வாகத்தின் கோப்பில் அந்தச் சொல் வேறொரு வேலையும் செய்கிறது. தொண்டருக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. அங்கே ஒரு பெண்மீது யாராவது கை வைத்தால் அது அவளுடைய சொந்தப் பிரச்சினை ஆகிவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய சட்டத்தின் வரலாறு, எந்தத் தொடுகை குற்றம் என்பதன் வரலாறாக மட்டும் இல்லை. எந்தப் பெண் உழைப்பாளி, எந்த இடம் வேலைத்தலம் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. புதுக்கோட்டை மாதிரியான ஒரு வறண்ட மாவட்டத்தில் நின்று பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

2

ஊர்ப் பஞ்சாயத்துகளில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: 'கையைப் பிடிச்சு இழுத்துட்டான்.' சினிமா நகைச்சுவையில் இந்தச் சொற்றொடர் சிரிப்பாகிப்போனது தற்செயல் அல்ல. பஞ்சாயத்தில் பிராது கொடுப்பவர் பெரும்பாலும் அப்பனோ அண்ணனோ புருஷனோதான். கேள்வி கேட்பது ஆண்கள். அபராதம் போவது கோயிலுக்கு. அவமானப்பட்டது குடும்பம், தெரு, சாதி. அந்தப் பெண் மறுநாள் அதே வரப்பில் அதே மேஸ்திரியின் கண்முன்னால்தான் வேலைக்குப் போயாக வேண்டும் என்பது எந்தத் தீர்ப்பிலும் வராது.

வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டமும் இதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. 354ஆம் பிரிவு பெண்ணின் 'நாணத்துக்கு' ஊறு செய்யும் தாக்குதலைக் குற்றமாக்கியது. 509ஆம் பிரிவு அதே நாணத்தை அவமதிக்கும் சொல்லையும் சைகையையும் குற்றமாக்கியது. சட்டம் காப்பாற்ற நினைத்தது பெண்ணிடம் இருக்க வேண்டிய ஒரு குணத்தை. கை வைத்தவன் அவளுக்குக் கூலி போடுகிறவனா, வழிப்போக்கனா என்பதெல்லாம் அந்தச் சட்டத்துக்குப் பொருட்டில்லை. மேற்பார்வையாளர் என்ற உருவமே அதில் இல்லை.

இந்த வாசகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1988 ஜூலையில் சண்டிகரில் ஒரு விருந்தில், ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜின் உடலைப் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் பலர் முன்னிலையில் தட்டினார். வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் உயிர்கொடுத்தது. 1996 ஜனவரியில்தான் விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை அறிவிக்கப்பட்டது. அரசாங்கத்தின் உச்சியில் இருந்த பெண்ணுக்கே ஏழரை வருஷம். அவ்வளவு காலமும் சுற்றியிருந்தவர்கள் கேட்டது, 'இதைப் போய் பெரிசு பண்ணணுமா' என்பதைத்தான்.

பெயர் இல்லாததும் ஒரு தடைதான். அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதியில் கார்மிட்டா வுட் என்ற பெண், கார்னெல் பல்கலைக்கழகத்தில் தன் மேலதிகாரியின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, விட்டதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி வந்தது. எழுத வார்த்தை இல்லை. சொந்தக் காரணம் என்றே பதிவானது, உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவருக்காகக் கூடிய பெண்கள்தான் 'பாலியல் துன்புறுத்தல்' என்று நாம் இன்று மொழிபெயர்க்கும் அந்த ஆங்கிலச் சொற்சேர்க்கையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1979இல் காத்தரின் மெக்கின்னன் எழுதிய நூல், இது பெண் என்பதற்காகச் செய்யப்படும் பாகுபாடு, ஆகவே சமத்துவப் பிரச்சினை என்று வாதிட்டது. 'சொந்தக் காரணம்' நமக்கும் அந்நியமானதல்ல. நூற்பாலையிலிருந்து பாதியில் திரும்பிவரும் பெண்ணிடம் ஏன் என்று கேட்டால் 'உடம்புக்கு ஒத்துக்கலை' என்பாள். அதற்குமேல் வீட்டிலும் கேட்க மாட்டார்கள்.

3

பன்வாரி வழக்குக்கு வருவோம். 1995 நவம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இதற்கிடையில் விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வேறொரு கேள்வியை முன்வைத்திருந்தன: ஒரு பெண்ணுக்கு இது நேர்ந்தது அவள் செய்த வேலையால். அந்த வேலைக்கு அவளை அனுப்பியவர்களுக்குப் பொறுப்பு இல்லையா? 1997 ஆகஸ்டு 13ஆம் தேதி தலைமை நீதிபதி வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், கிர்பால் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். அரசியல் சாசனத்தின் 14, 15, 19, 21ஆம் பிரிவுகளையும், இந்தியா 1993இல் ஏற்புறுதி செய்த, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் ஆதாரமாகக் கொண்டு, சட்டம் வரும்வரை எல்லாப் பணியிடங்களிலும் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை வகுத்தார்கள். விரும்பத்தகாத உடல் தொடர்பும் அதற்கான முயற்சியும், பாலியல் சலுகை கேட்பது, பாலியல் நிறம் பூசிய பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத பிற நடத்தை என்று பட்டியல் நீண்டது. நாணம் என்ற இடத்தில் சமத்துவமும் கண்ணியத்தோடு தொழில் செய்யும் உரிமையும் வந்து உட்கார்ந்தன. பெரிய மாற்றம் இது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் பிரதியை வாசிக்கிறபோது ஒன்று உறுத்துகிறது. பன்வாரியின் பெயர் அதில் இல்லை. ராஜஸ்தானின் ஒரு கிராமத்தில் ஒரு 'சமூக சேவகி' என்று ஒரு வரியில் கடந்துபோகிறது. பெயரை மறைத்தது கரிசனம் என்றே வைத்துக்கொள்வோம். சாத்தின் என்ற வேலையின் பெயர் என்ன பாவம் செய்தது? யார் அவளுக்கு வேலை கொடுத்தவர் என்ற கேள்வி, அதிலிருந்துதான் வழக்கே பிறந்தது, 'சேவகி' என்ற சொல்லுக்குள் அமுங்கிப்போயிற்று.

விசாகா தீர்ப்பு முதலில் உரசிப் பார்க்கப்பட்ட பெரிய வழக்கு டெல்லியில் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தில் நடந்தது. 1988 ஆகஸ்டில் தலைவரின் அந்தரங்கச் செயலாளர் ஏ.கே. சோப்ரா, தட்டச்சுப் பெண் ஒருவரை ஒரு நட்சத்திர ஓட்டலின் அலுவல் மையத்துக்கு அழைத்துப்போய், மறுத்தும் கேளாமல் நெருங்கி உட்கார்ந்து தொட முயன்றார் என்பது புகார். நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. உயர்நீதிமன்றம், தொட முயன்றார், உண்மையில் தொடவில்லை என்று தண்டனையைத் தளர்த்தியது. 1999 ஜனவரி 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உடல் தொடர்பு நடந்து முடிந்ததா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கக்கூடாது, மேலதிகாரியின் நடத்தை முழுவதையும் அது நடந்த சூழலோடு பார்க்க வேண்டும் என்று சொல்லி வேலைநீக்கத்தை உறுதிசெய்தது. தொடுகை பற்றிய புரிதலில் இது முக்கியமான முன்னேற்றம். 'தொட்டானா, எங்கே தொட்டான், எவ்வளவு நேரம்' என்ற பஞ்சாயத்துக் கேள்வியை உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளிய இடம் இது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. பட்டேரியின் வயலில் பிறந்த சட்டம், இரண்டே வருஷத்தில் டெல்லி ஓட்டலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதன்பிறகு பணியிடம் என்றாலே நம் மனசில் வருவது மேசை, நாற்காலி, குளிரூட்டிய அறை, அறிவிப்புப் பலகை. வரப்பும் பாறையும் சாலையோரமும் வருவதில்லை.

4

புதுக்கோட்டையில் பெண்களின் வேலைத்தலங்களை எண்ணிப் பார்க்கலாம். குடுமியான்மலைப் பக்கம் கல்குவாரி. ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரி வறுத்து உடைக்கும் அடுப்படி. செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் வீட்டுத் திண்ணை. கண்மாய், வயல், அங்கன்வாடி. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நூறு நாள் வேலையின் மண்வெட்டுத் தலம். ஊரைவிட்டுப் போனால் நூற்பாலையும் அதன் விடுதியும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சுவர் கிடையாது. ஆனால் எல்லாவற்றிலும் அளக்கிறவர் ஒருவர் உண்டு. உடைத்த ஜல்லியை அளப்பவர், வெட்டிய குழியை அளப்பவர், உரித்த பருப்பை நிறுப்பவர், வருகையைப் பதிபவர். மேஸ்திரி, கங்காணி, சூப்பர்வைசர், பொறுப்பாளர் என்று பெயர் மாறும். கூலி அந்த அளவில்தான் இருக்கிறது. அளவைக் கூட்டிப் போடலாம், குறைத்துப் போடலாம், நாளைக்கு வராதே என்று சொல்லலாம். அளக்கிற கையும் தொடுகிற கையும் ஒன்றாக இருக்கும்போது 'விருப்பம்', 'சம்மதம்' என்பதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

இந்தப் பின்னணியில் 1990களின் தொடக்கத்தில் இங்கே நடந்தவற்றைத் திரும்ப வாசிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், குவாரிக் குத்தகைகளைக் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர்களில் கொத்தடிமையாக இருந்தவர்களும் உண்டு. ஒப்பந்தக்காரர்கள் இதை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பி. சாய்நாத் 1996இல் வந்த தன் நூலில் இந்த மோதலை எழுதியிருக்கிறார். ஆவணங்களில் இந்தத் திட்டம் வறுமை ஒழிப்பு, கொத்தடிமை மீட்பு என்ற தலைப்புகளில்தான் வருகிறது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய நடவடிக்கை என்று யாரும் அதைச் சொன்னதில்லை. நான் அப்படி வாசிக்கிறேன். தான் உடைத்த கல்லைத் தன் குழுவே அளக்கும்போது, அளப்பவனின் கைக்கு அஞ்ச வேண்டிய தேவை குறைகிறது. குழு நடத்தினாலே ஆதிக்கம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குழுவுக்குள்ளும் சாதி உண்டு, வீட்டு ஆண்களின் தலையீடு உண்டு. ஆனாலும் கட்டமைப்பு மாறினால்தான் தொடுகையின் பொருள் மாறும் என்பதற்கு அந்தக் குவாரிகள் ஒரு சாட்சி.

சைக்கிளும் அப்படித்தான். அறிவொளியின் ஒரு பகுதியாகப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். முதலில் ஓட்டியவர்கள் தெருவில் கேட்ட ஏச்சும் ஆபாசப் பேச்சும் அந்தக் கதையில் அடிக்கடி விட்டுப்போகிறது. இடத்தைவிட்டு நகரும் பெண் உடல்மீது தெரு வசூலிக்க நினைத்த வரி அது. அதைக் கட்ட மறுத்துத்தான் அவர்கள் ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திராமல் ஒரு பெண் தானே தாலுகா அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போய்விட முடியும் என்றாயிற்று. எழுதத் தெரிவதும் போகத் தெரிவதும் சேர்ந்ததுதான் புகார் என்ற செயல். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அந்தக் கைகளுக்கு மாலை வகுப்பில் கொடுத்த முதல் பயிற்சிகளில் மனு எழுதுவதும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

5

2013இல்தான் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. விசாகா தீர்ப்புக்கும் அதற்கும் இடையில் பதினாறு வருஷம். 2010இல் வந்த மசோதாவில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இடமே இல்லை. எதிர்ப்புக்குப் பிறகுதான் சேர்த்தார்கள்.

இந்தச் சட்டத்தில் ஊழியர் யார் என்று சொல்லும் பகுதியைக் கவனித்துப் படிக்கவும். நிரந்தரமோ தற்காலிகமோ, நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ, தன்னார்வ அடிப்படையிலோ வேறு விதமாகவோ வேலை செய்பவர் எல்லாம் ஊழியர். தன்னார்வ அடிப்படையில் என்ற அந்தச் சொற்களில் எனக்குப் பன்வாரி தெரிகிறார். 'சேவகி' என்று ஒரு தீர்ப்பு ஒதுக்கிய பெண் இருபத்தோரு வருஷம் கழித்து, பெயர் இல்லாமலேயே, சட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். அறிவொளித் தொண்டர், அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா எல்லோருக்கும் அந்த வாசகம் பொருந்தும். பணியிடம் என்பதிலும் வீடு வருகிறது, வேலை நிமித்தம் போகும் இடம் வருகிறது, முதலாளி ஏற்பாடு செய்த வாகனமும் வருகிறது.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளியே குற்றவாளி என்றால் அதற்கும், மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்க வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் தாலுகாவிலும் புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப ஒரு அதிகாரி இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதித் தருவது குழுவின் கடமை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டம் நடைமுறையாகாதது பற்றிக் கவலை தெரிவித்தது. 2024 டிசம்பரில் மாவட்ட அதிகாரிகளையும் உள்ளூர்க் குழுக்களையும் வட்டார அளவிலான அதிகாரிகளையும் நியமிக்கும்படி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து!

போகிற வழியின் நிலைமை எப்படி என்பதற்கும் ஒரு உதாரணம். 2021 பிப்ரவரியில் முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புக்குப் போன இடத்தில், மாநிலத்தின் சிறப்பு டி.ஜி.பி. தன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அத்துமீறியதாக ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி புகார் கூறினார். புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன அவரைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் போலீசே வழிமறித்தது. 2023 ஜூன் 16ஆம் தேதி விழுப்புரம் நீதிமன்றம் அந்த உயரதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனையும், வழிமறித்த அதிகாரிக்கு அபராதமும் விதித்தது. 2024 பிப்ரவரியில் அமர்வு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சீருடையும் அரசு வாகனமும் உள்ள பெண்ணையே தேசிய நெடுஞ்சாலையில் நிறுத்த முடியும் என்றால், குவாரியிலிருந்து கிளம்பும் பெண்ணை நிறுத்த எத்தனை பேர் இருப்பார்கள்? 'எதுக்கு வம்பு' என்று சொல்லும் அம்மா, 'அடுத்த வாரக் கூலி வேணுமா வேண்டாமா' என்று கேட்கும் மேஸ்திரி, 'சமாதானமாப் போங்க' என்னும் ஏட்டு.

இதே 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஒருவர், இருபது வயதுக்காரர், கொல்லப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் அவருடைய மேற்பார்வையாளர். அங்கே வேலை செய்த பெண்களின் சங்கமான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும், பின்னர் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் கையெழுத்தான ஒப்பந்தம் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அறியப்படுகிறது. தொழிலாளப் பெண்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து அத்துமீறலை உடனுக்குடன் தெரிவிக்க அதில் வழி செய்யப்பட்டது. மீறினால் ஆர்டர் குறையும் என்ற பயம் நிர்வாகத்துக்கு. குடுமியான்மலையில் குழு அளந்ததற்கும் இதற்கும் உறவு இருக்கிறது. இரண்டு இடத்திலும் பெண்கள் புகார்தாரராக மட்டும் இல்லை, கண்காணிக்கும் இடத்துக்கே நகர்ந்தார்கள்.

6

சட்டம் வேண்டாம் என்று இதையெல்லாம் வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிடக்கூடாது. நாணத்திலிருந்து சமத்துவத்துக்கும், தொண்டரிலிருந்து ஊழியருக்கும் சட்டத்தின் மொழி நகர்ந்ததற்குப் பெண்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பன்வாரிக்கு அந்தச் சட்டத்தால் கிடைத்தது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தன் பெயரில் பிறந்த உரிமை தனக்குப் பயன்படாமல் போன பெண் அவர்.

மாவட்டத் தலைநகரில் ஓர் அறையில் கூடும் குழு, எழுதிய காகிதம் தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கிறது. அறிவொளி அப்படிக் காத்திருக்கவில்லை. வேலை முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்துக்கு, அவர்கள் தெருவுக்கு, அரிக்கேன் விளக்கோடு போனது. உள்ளூர்க் குழுவும் குவாரிக்கும் முந்திரி அடுப்புக்கும் மண்வெட்டும் தலத்துக்கும் கூலி போடும் நாளில் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும், எழுதித் தர வேண்டும். அளக்கிறவர் யார், அவருக்கு மேலே யார், அவருக்கும் மேலே யார் என்று முதலாளியின் பெயர் வரும்வரை கேட்டு எழுத வேண்டும். அன்று கையெழுத்துக் கற்ற பெண்களில் பலருக்கு இன்று பேத்திகள் இருப்பார்கள். அவர்களில் சிலர் இந்நேரம் நூற்பாலை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம். திரும்பி வந்தால் 'உடம்புக்கு ஒத்துக்கலை' என்பதைத் தவிர வேறு எதையாவது சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.